‘கொஞ்சம் கடினம்’ என்றால் என்ன பொருள்? வெளிநாட்டாருடன் பேசிப் பழகியவர்களிடம் ஒரு கேள்வி

ஒரகடத்தான்

வணக்கம். ஒரகடம் பக்கத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். எங்களிடம் பாகம் வாங்குபவர்களில் பெரியவர் ஒரு ஜப்பானிய நிறுவனத்தார். சென்ற ஆண்டு நடந்த ஒன்று இன்னும் எனக்குச் செரிக்கவில்லை. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ஒரு பாகத்தின் துளை அளவில் டாலரன்ஸை (கூடவோ குறையவோ இருக்கலாம் என்று அனுமதிக்கும் அளவு வேறுபாட்டை) சற்றுத் தளர்த்தித் தரும்படி அவர்களிடம் கேட்டிருந்தோம். அவர்களுடைய மூத்த பொறியாளர் நேரில் வந்தார். வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். பற்களுக்கிடையே ‘ஸ்ஸ்’ என்று காற்றை இழுத்தார். தலையைச் சற்றுச் சாய்த்தார். பிறகு ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில், “கொஞ்சம் கடினம், கொண்டு போய் ஆராய்கிறோம்” என்று தந்தார். எங்கள் மேலாளர் கூட்டக் குறிப்பில், “வாடிக்கையாளர் பரிசீலிக்கிறார்” என்று எழுதிக்கொண்டார். கடினம் என்றால் முயன்றால் முடியும் என்றுதானே பொருள் என்று நினைத்து, ஆறு வாரம் காத்திருந்து, மறுப்பு எதுவும் வராததால் புதிய அளவுக்கே டை (பாகத்தை உருவாக்கும் அச்சு) செய்யக் கொடுத்துவிட்டோம். முதல் தொகுதி முழுவதும் திரும்பி வந்தது. அவர்களுக்குக் கோபமில்லை, வியப்புத்தான்: “அன்றைக்கே முடியாது என்று சொல்லிவிட்டோமே.”

இதில் என்னை உறுத்துவது வேறு. பெண் பார்க்க வந்தவர்கள், “ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்” என்று சொல்லிவிட்டு எழுந்தால் அதன் பொருள் தெரியாத தமிழர் ஒருவராவது உண்டா? “பார்க்கலாம்”, “சொல்லி அனுப்புகிறேன்” என்பதெல்லாம் நம் வீட்டு மறுப்புகள்தாமே? ஜப்பானியர் சுற்றி வளைத்துப் பேசுபவர்கள், அமெரிக்கர் நேராகப் பேசுபவர்கள் என்று பயிற்சி வகுப்பில் படம் போட்டுக் காட்டினார்கள். அந்தப் படத்தில் நாமும் ஜப்பானியர் பக்கமே நிற்கிறோம். அப்படியிருக்க, அதே பக்கத்தில் நிற்கும் ஒருவர் சொன்ன ‘இல்லை’ ஏன் எங்கள் ஏழு பேரில் ஒருவர் காதிலும் விழவில்லை?

துபாஷி

சென்னையில் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளராகப் பல ஆண்டுகள் இருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கூட்டத்தில் மேசையின் நடுவில் உட்கார்ந்திருந்தவருக்காக என் மனம் இரங்குகிறது.

அவர் சொல்லியிருக்கக்கூடியது ‘ச்சொத்தோ முஸுக்கஷீ’ என்பது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘கொஞ்சம் கடினம்’. பல நேரங்களில் அந்த இரண்டாவது சொல்லும் வராது. ‘ச்சொத்தோ…’ என்று இழுத்து நிறுத்திவிடுவார்கள், மீதியைக் கேட்பவர் நிரப்பிக்கொள்ள வேண்டும். ‘மொச்சிகாயெத்தே கென்தோ ஷிமாஸ்’ என்பது எடுத்துச் சென்று ஆராய்கிறோம் என்பது. உங்கள் ‘கடிதம் போடுகிறோம்’ என்பதற்கு இதைவிட நெருங்கிய உறவுக்காரத் தொடரை நான் கண்டதில்லை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு, அதுதான் ஆளைக் கவிழ்ப்பது. சில வேளைகளில் அவர்கள் உண்மையாகவே எடுத்துச் சென்று ஆராய்வார்கள். ஒரு முடிவுக்கு முன்னால் சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரிடமும் தனித்தனியே போய்ப் பேசி இசைவு வாங்கும் வழக்கத்தை ‘நெமாவாஷி’ என்பார்கள். மரத்தை இடம் மாற்றி நடுவதற்கு முன் அதன் வேரைச் சுற்றிப் பக்குவப்படுத்தும் தோட்ட வேலையின் பெயர் அது. ஆகவே கூட்டத்தில் முடிவு சொல்லாதது மறுப்பாகவும் இருக்கலாம், வேலை தொடங்கியதன் அறிகுறியாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துக் காட்டியது சொல் அன்று, அந்தக் காற்று இழுத்த ஒலி. அதை மொழிபெயர்ப்பாளர் எப்படிப் பெயர்ப்பார்?

இன்னொன்று ‘ஹாய்’. ஆம் என்று அகராதி சொல்கிறது. நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் இடையிடையே சொல்லும் ஹாய்க்கு, ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன், தொடருங்கள்’ என்பதற்கு மேல் பொருள் இல்லை. இப்படி இடையிடையே ஒலி கொடுப்பதற்கே ‘ஐஸுச்சி’ என்று தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். கொல்லன் பட்டறையில் இருவர் மாறி மாறிச் சம்மட்டி போடுவதிலிருந்து வந்த சொல். நான் தொழிலில் சேர்ந்த புதிதில் ஒரு ஜப்பானியர் நாற்பது நிமிடம் ‘ஹாய், ஹாய்’ என்றதை நாற்பது முறை ‘எஸ்’ என்று பெயர்த்து, எதிரில் இருந்த விற்பனையாளருக்கு வானத்தில் மாளிகை கட்டிக் கொடுத்திருக்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

யாழ்நிலா

துபாஷி அக்கா எழுதியதை வாசித்ததும் எங்களுடைய ‘ஓம்’ நினைவுக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் ஓம் என்றால் ஆம். ஆனால் பெரியவர்கள் கதை கேட்கும்போது ‘ஓம், ஓம்’ என்று சொல்லிக்கொண்டேயிருப்பார்கள். அது உடன்பாடு அன்று, உங்கள் ஹாய்தான்.

நான் டொராண்டோவில் தாதியாக வேலை செய்கிறேன். எங்கள் ஊர் அம்மாக்கள், ஐயாக்கள் பலர் நோயாளிகளாக வருகிறார்கள். மருத்துவர் அறுவைச் சிகிச்சைக்குப் பிந்திய மருந்துகளை விளக்குவார். அம்மா ஒவ்வொரு வசனத்துக்கும் தலையசைத்து ஓம் சொல்லுவார். அவர் முழுவதும் விளங்கிக்கொண்டார் என்று மருத்துவர் போய்விடுவார். நான் அருகில் போய், “அம்மா, இந்த வெள்ளைக் குளிசையை எத்தனை தரம் போட வேணும்?” என்று கேட்டால், “அதை நீங்கள்தான் பிள்ளை சொல்ல வேணும்” என்பார். பெரிய படிப்புப் படித்த ஒருவர் மினக்கெட்டு விளக்கும்போது, விளங்கவில்லை என்று சொல்வது அவரைக் குறை சொல்வது போலாகிவிடும் என்பது அவருடைய மரியாதை.

வலியைச் சுழியத்திலிருந்து பத்துக்குள் சொல்லச் சொல்லும் வழக்கம் இங்கே எல்லா மருத்துவமனையிலும் உண்டு. எங்கள் ஆட்களிடம் கேட்டால் எண் வராது, “பரவாயில்லை” என்றுதான் வரும். பரவாயில்லை என்பது மூன்றா எட்டா என்பதை முகத்தையும், படுக்கை விளிம்பைப் பிடித்திருக்கும் கையையும் பார்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. ஒரு ஐயா பரவாயில்லை, பரவாயில்லை என்று சொல்லியே ஓரிரவு முழுவதும் ஒன்பதில் கிடந்தார். எனக்கு அடுத்த முறைக்கு வந்த தாதி தமிழர் அல்லர். அவர் குறிப்பில் எழுதியிருந்தது ‘நோயாளி வசதியாக இருக்கிறார்’.

இப்போது நாங்கள் செய்வது, ‘விளங்கியதா’ என்று கேட்காமல், “வீட்டுக்குப் போனதும் மகளுக்கு இதை எப்படிச் சொல்லுவீர்கள், எனக்கு ஒருக்கால் சொல்லிக் காட்டுங்கோ” என்று கேட்பது. சொன்னதைத் திருப்பிச் சொல்ல வைக்கும் இந்த முறையை இங்குள்ள மருத்துவத் துறை முறையாகவே கற்பிக்கிறது.

பழைய வாத்தியார்

ஒரகடத்தான் ஐயாவின் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்ற தலைப்பு இரண்டு முறை வருகிறது. ஒன்று பொருட்பாலில் 71ஆம் அதிகாரம், மற்றொன்று காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரம். ஒரே பெயரில் இரண்டு அதிகாரம் வைக்கும் அளவுக்கு, வாய்விட்டுச் சொல்லாததை முகத்திலிருந்து அறிவது நம் மரபில் ஒரு கல்வியாகவே இருந்திருக்கிறது. விளக்கை ‘அணை’ என்னாமல் ‘அமர்த்து’ என்பதும், வீட்டை விட்டுக் கிளம்புகையில் ‘போகிறேன்’ என்னாமல் ‘போய் வருகிறேன்’ என்பதும் இன்றும் இருக்கும் வழக்கங்கள். இந்தக் கல்வியை இழந்ததால்தான் இப்படிப்பட்ட தடுமாற்றம் வருகிறது என்பது என் கருத்து.

ஒரகடத்தான்

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். இழந்துவிட்டோம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் மேலாளர் முகத்தைப் பார்த்தே இன்று விடுப்புக் கேட்கலாமா கூடாதா என்பதை எங்கள் தளத்தில் புதிதாகச் சேர்ந்த பயிற்சியாளன்கூட அறிவான். 71ஆம் அதிகாரம் அமைச்சன் அரசனின் குறிப்பை அறிவதைப் பற்றியது. அரசன் அமைச்சனின் குறிப்பை அறிய வேண்டும் என்று தனி அதிகாரம் இல்லை. குறிப்பறியும் பாரம் எப்போதும் கீழே இருப்பவன் தலையில்தான். எங்கள் கூட்டத்தில் நாங்கள் கீழே இருந்தோம், வாங்குபவர் மேலே இருந்தார். அந்தக் கணக்குப்படியும் நாங்கள் அறிந்திருக்க வேண்டும், ஆனால் அறியவில்லை.

கணக்கன்

எல்லோரும் சுவையாக எழுதுகிறீர்கள். ஆனால் ‘ஜப்பானியர் இப்படி, நாம் இப்படி’ என்று சொல்வதற்கு அளவீடு எங்கே என்று யாராவது கேட்க வேண்டும் அல்லவா?

பயிற்சி வகுப்பில் காட்டிய அந்தப் படம் எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானிடவியலாளரிடமிருந்து வந்தது. 1950களில் அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனத்தில், வெளிநாடு செல்லும் அதிகாரிகளுக்குப் பாடம் நடத்தியவர் அவர். 1976இல் வெளியான நூலில், பொருளின் பெரும்பகுதி சூழலிலேயே இருக்கும் பண்பாடுகள், பெரும்பகுதி சொல்லிலேயே இருக்கும் பண்பாடுகள் என்று பிரித்தார். ஜப்பான் ஒரு முனையில், ஜெர்மன் மொழி பேசும் சுவிஸ்காரர் மறுமுனையில். கூர்மையான பார்வைதான். ஆனால் அது அவர் கண்டதையும் கேட்டதையும் வைத்துச் சொன்னது, அளந்து சொன்னது அன்று. பிறகு வந்த பயிற்சியாளர்கள் அதை அளவுகோல் போலக் கோடு கிழித்து நாடுகளை வரிசையில் நிறுத்திவிட்டார்கள்.

அளந்தவர்களும் இருக்கிறார்கள். 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பத்து மொழிகளில் இயல்பான உரையாடல்களைப் பதிவு செய்து, ஆம்-இல்லை என்று விடை கோரும் கேள்வி முடிந்ததற்கும் விடை தொடங்குவதற்கும் இடையிலுள்ள நேரத்தைக் கணக்கிட்டது. நிதானித்து, மௌனம் காத்து விடை சொல்பவர் என்று பெயரெடுத்த ஜப்பானியரின் சராசரி இடைவெளிதான் பத்திலும் குறைவு, ஏறத்தாழ 7 மில்லிநொடி. மிக அதிகம் டேனிஷ் மொழியில், 470 மில்லிநொடி அளவு. அதாவது மிக வேறுபட்டவை என்று நாம் எண்ணும் மொழிகளுக்கிடையே இருப்பதெல்லாம் அரை நொடிக்கும் குறைவுதான். தமிழ் அந்தப் பத்தில் இல்லை. அந்த ஆய்வில் எனக்குப் பட்ட முக்கியமான முடிவு வேறு: எல்லா மொழிகளிலும் ஆம் என்ற விடை விரைந்து வருகிறது, கேட்டதற்கு ஒத்துவராத விடை தாமதித்து வருகிறது. மறுப்பதற்கு முன் தயங்குவது ஜப்பானியருக்கோ தமிழருக்கோ மட்டும் உரியது அன்று.

துபாஷி

கணக்கன் ஐயா சொன்னது ஐஸுச்சியோடு நன்றாகவே பொருந்துகிறது. எதிரில் இருப்பவர் பேச்சு முடியுமுன்பே ஒலி கொடுத்துப் பழகிய ஊரில் விடையும் விரைந்துதான் வரும். நீண்ட மௌனம் அலுவலகக் கூட்டத்திற்கு உரியது, அதுவும் மேலதிகாரி இருக்கும் கூட்டத்திற்கு. அதே ஆட்கள் மாலையில் மதுக்கடையில் பேசுவதைக் கேட்டால் இவர்களா அவர்கள் என்று தோன்றும். தரக்குறை அறிக்கையில் அவர்களுடைய எழுத்தும் கத்தி போலிருக்கும். அங்கே எந்தப் பூச்சும் இராது. ‘ஜப்பானியர்’ என்று மொத்தமாகச் சொல்லாமல், எந்த இடத்தில், யார் யாரிடம் என்று கேட்டால்தான் ஏதாவது பிடிபடும்.

ஐந்தோவன்

நான் நெதர்லாந்தில் ஐந்தோவன் நகரில் ஒன்பது ஆண்டுகளாக மென்பொருள் வேலையில் இருக்கிறேன். நேராகப் பேசுபவர்கள் என்று உலகமெல்லாம் பெயர் பெற்றவர்கள் நடுவில் வாழ்கிறேன் என்பதால் மறுபக்கத்தைச் சொல்கிறேன்.

வந்த முதல் மாதம் ஓர் அண்டை வீட்டார் காப்பிக்கு அழைத்தார். போனோம். “காப்பி குடிக்கிறீர்களா?” என்று கேட்டார். நம் வழக்கப்படி, “வேண்டாம், இப்போதுதான் குடித்தோம்” என்றேன். இரண்டாவது முறை வற்புறுத்துவார், மூன்றாவது முறை ‘சரி, கொஞ்சம்’ என்னலாம் என்ற நம்பிக்கையில் சொன்னது. அவர், “சரி” என்று சொல்லிவிட்டுத் தமக்கு மட்டும் ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். என் மனைவி பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. அவர் செய்தது அவமதிப்பு அன்று, என் சொல்லை நம்பியதுதான். வேண்டாம் என்றவரை வற்புறுத்துவது, அவரை அறியாப் பிள்ளையாக நடத்துவதாகும் என்று பின்னால் அவரே விளக்கினார்.

வேலையில் என் முதல் நிரலைப் பார்த்த சக ஊழியர், “இது நன்றாக இல்லை, நானாக இருந்தால் திரும்ப எழுதுவேன்” என்று பத்துப் பேர் முன்னிலையில் சொன்னார். அன்றிரவு நான் தூங்கவில்லை. மறுநாள் நண்பகலில் அவரே ரொட்டிப் பொட்டலத்தோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சைக்கிளைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். அவர் நிரலைப் பற்றிச் சொன்னார், நான் அதை என்னைப் பற்றிச் சொன்னதாகக் கேட்டுக்கொண்டேன்.

ஆனால் இவர்களும் எல்லாவற்றிலும் நேரானவர்கள் அல்லர். அதே நண்பரிடம் ஒரு நாள் நான், “உங்கள் சம்பளம் எவ்வளவு?” என்று இயல்பாகக் கேட்டதும் அவர் முகம் சிவந்துவிட்டது. நம் ஊர் ரயிலில் எதிர் இருக்கைக்காரர் சம்பளம், வாடகை, கல்யாணமாகி இத்தனை ஆண்டாகியும் ஏன் குழந்தை இல்லை என்பதுவரை தாம்பரம் தாண்டுவதற்குள் கேட்டுவிடுவார். ‘இளைத்துவிட்டாயே’, ‘பெருத்துவிட்டாயே’ என்பது நமக்கு அக்கறை. ஆகவே யார் நேராகப் பேசுபவர் என்பதைவிட, எதில் நேராகப் பேசலாம், எதில் கூடாது என்ற எல்லையை ஒவ்வோர் ஊரும் வெவ்வேறு இடத்தில் போட்டிருக்கிறது என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

மொழியே காலை வாரிய கதையும் ஒன்று உண்டு. தொலைபேசியில் ஒருவர் ஆங்கிலத்தில், “நீங்கள் இன்னும் அதைச் சோதித்துப் பார்க்கவில்லையா?” என்று கேட்டார். நான், “எஸ்” என்றேன். “ஆமாம், பார்க்கவில்லை” என்பது என் மனத்தில் இருந்தது. அவர், பார்த்துவிட்டேன் என்று புரிந்துகொண்டு வெளியீட்டுக்கு அனுப்பிவிட்டார். எதிர்மறைக் கேள்விக்கு ஆங்கிலத்தில் ‘நோ’ என்றுதான் சொல்ல வேண்டுமாம். டச்சு மொழியில் எதிர்மறைக் கேள்வியை மறுத்து ‘செய்திருக்கிறேன்’ என்று சொல்வதற்கே ‘யாவெல்’ என்று தனிச் சொல் இருக்கிறது. நமக்கும் அப்படி ஒன்று இருந்திருந்தால் அன்றைய இரவுப் பணி மிச்சமாகியிருக்கும்.

துபாஷி

ஐந்தோவன் தம்பி, ஜப்பானிய மொழியிலும் நம்மைப் போலத்தான்: “வரவில்லையா?” “ஹாய், வரவில்லை.” ஆகவே ஒரு தமிழரும் ஒரு ஜப்பானியரும் தங்கள் தங்கள் மொழியில் ஒன்றுபோலவே நினைத்து, நடுவில் ஆங்கிலத்தில் பேசி இருவருமே தவறுகிறார்கள். தமிழில் “இல்லை, வரவில்லை” என்பதும் வழங்குவதால் நம் நிலை இன்னும் சிக்கல்.

ஒரகடத்தான் ஐயாவின் முதல் கேள்விக்கும் விடை இதற்குள்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மறைத்துச் சொல்லும் பழக்கம் இருவருக்கும் பொதுவாக இருக்கலாம், ஆனால் மறைக்கும் துணி வேறு. ‘கடிதம் போடுகிறோம்’ என்பது தட்டிலிருந்த பஜ்ஜி தொடப்படாமல் இருந்ததோடும், மாப்பிள்ளையின் அத்தை செருப்பைத் தேடிய வேகத்தோடும் சேர்த்துத்தான் மறுப்பாகிறது. அதையே ஆங்கிலத்தில் பெயர்த்து ஒரு ஜெர்மானியரிடம் கொடுத்தால் அவர் தபால்காரருக்காகக் காத்திருப்பார். உங்கள் கூட்டத்தில் ஆங்கிலம் வந்த உடனே நீங்கள் ஏழு பேரும் ஆங்கிலக் காதை மாட்டிக்கொண்டீர்கள்.

வான்வழி

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எங்கள் பயிற்சியில் தவறாமல் வரும் ஒரு விபத்தைச் சொல்ல வேண்டும். 1990 ஜனவரி 25 அன்று, கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த ஏவியான்கா 52 என்ற போயிங் 707 விமானம், மோசமான வானிலையால் மூன்று இடங்களில் ஏறத்தாழ 1 மணி 17 நிமிடம் வட்டமிட வைக்கப்பட்டது. எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது. கட்டுப்பாட்டாளர்களிடம் பேசிய துணை விமானி, “முன்னுரிமை வேண்டும்” என்றார். முதல் தரையிறக்கம் தவறியபின், “எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது” என்றார். ‘அவசரநிலை’ என்ற சொல் மட்டும் அவர்களிடம் வரவில்லை. விமானி ஸ்பானிய மொழியில், “அவசரநிலை என்று சொல்” என்கிறார். சொன்னாயா என்று மறுபடியும் கேட்கிறார். துணை விமானி, “சொல்லிவிட்டேன் ஐயா” என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, சொல்லிவிட்டதாகவே நம்பினார். லாங் ஐலண்டில் கோவ் நெக் என்ற ஊரின் மேட்டில் விமானம் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தனர். எரிய எரிபொருள் இல்லாததால் தீ மூளவில்லை.

கென்னடி விமான நிலையத்தில் அந்த இரவு எல்லா விமானமும் எரிபொருள் குறைவு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கும். கட்டுப்பாட்டாளர் எந்தக் குரலில் எவ்வளவு கலக்கம் இருக்கிறது என்று நாடி பிடித்துக்கொண்டிருக்க முடியாது. அவருக்குச் சொல் வேண்டும். எங்கள் தொழிலில் நாங்கள் கொடுக்கும் உயரத்தையும் திசையையும் விமானி திருப்பிச் சொல்லியே ஆக வேண்டும். யாழ்நிலா மகள் எழுதிய குளிசைக் கேள்வியைப் படித்தபோது, நாங்கள் வானத்தில் செய்வதை அவர் படுக்கையருகே செய்கிறார் என்று தோன்றியது.

கணக்கன்

வான்வழி ஐயாவுக்கு ஒரு சிறு திருத்தம், அல்லது எச்சரிக்கை. இந்த விபத்தைப் பண்பாட்டுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது பிற்கால வழக்கம். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கை, எரிபொருளைச் சரிவரக் கையாளாததையும், அவசரநிலையைத் தெரிவிக்காததையும் காரணமாகச் சொல்லிவிட்டு, போக்குவரத்தை ஒழுங்குபடுத்தியதிலிருந்த குறையையும், எரிபொருள் நிலையைச் சொல்ல எல்லோருக்கும் விளங்கும் ஒரே வகையான சொற்கள் அப்போது இல்லாததையும் துணைக் காரணங்களாகச் சேர்த்தது. கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு முக்கியம். ‘லத்தீன் அமெரிக்கர் மேலோரிடம் அடங்கிப் பேசுவார்கள்’ என்று முடித்துவிட்டால் அந்தச் சொற்களை யாரும் உருவாக்கியிருக்க மாட்டார்கள். ‘எரிபொருள் மேடே’ (மேடே என்பது ஆபத்தில் உதவி கோரும் அழைப்பு) என்று இப்போது ஒரு வரையறுத்த தொடரே இருக்கிறது.

இதே போல, 1945இல், சரணடையும்படி நேச நாடுகள் விடுத்த அறிவிப்பைப் பற்றி ஜப்பானியப் பிரதமர் சுசுகி சொன்ன ‘மொக்குசாத்சு’ என்ற ஒரு சொல்லை, ‘இப்போதைக்குக் கருத்தில்லை’ என்று கொள்ளாமல் ‘பொருட்படுத்தவில்லை’ என்று தவறாகப் பெயர்த்ததால்தான் அணுகுண்டு விழுந்தது என்று ஒரு கதை உலவுகிறது. அவர் அதைச் சொன்னது ஜூலை 28 அன்று. குண்டு வீசும் ஆணை ஜூலை 25 அன்றே எழுதப்பட்டுவிட்டது.

துபாஷி

அந்தக் கதையை எங்கள் தொழிலில் எல்லோரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம், எங்களுக்கு இவ்வளவு வல்லமையா என்று. மௌனத்தால் கொல்வது என்பது அதன் எழுத்துகளின் பொருள். ‘பொருட்படுத்தாமல் விடுவது’ என்பதும் அந்தச் சொல்லின் நேர்மையான பொருள்தான்.

ஒரகடத்தான்

இழையைத் தொடங்கி ஐந்து வாரமாகிறது. அந்த மூத்த பொறியாளர் நேற்று மறுபடியும் வந்திருந்தார். இம்முறை நாங்கள் கேட்டது, பாகங்களை அனுப்பும் பெட்டியை மாற்றிக்கொள்ளலாமா என்பது. துபாஷி அம்மா சொன்னதை மனத்தில் வைத்து, “முடியுமா முடியாதா” என்று கேட்க வேண்டாம் என்று மேலாளரிடம் முன்னாலேயே சொல்லியிருந்தேன். “மாற்றுவதாக இருந்தால் முதல் மாதிரியை எந்தத் தேதியில், யாருக்கு அனுப்ப வேண்டும்?” என்று கேட்டோம்.

அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பற்களுக்கிடையே காற்றை இழுத்தார். தேதியும் வரவில்லை, பெயரும் வரவில்லை. கொண்டு போய் ஆராய்கிறோம் என்று வந்தது. நான் கூட்டக் குறிப்பில் ‘இல்லை’ என்று எழுதினேன். மேலாளர் எட்டிப் பார்த்து, “அவர் அப்படிச் சொல்லவே இல்லையே” என்று தமிழில் மெதுவாகக் கேட்டார். மொழிபெயர்ப்பாளரும் என் தாளைப் பார்த்துவிட்டார். அவர் எதுவும் சொல்லவில்லை. தமக்கு முன்னாலிருந்த பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.